ஒரே தடவை கேட்டு எழுதிக்கொண்டாள்

இதை எழுதுவதற்கென்று நாற்பது பக்க நோட்டு நான்கு வாங்கிவிட்டேன். நான்கிலும் முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி மட்டும் இருக்கிறது. சுழி போட்ட பிறகு பொய் எழுதக் கூடாது. உண்மையை எழுதவோ கை வரவில்லை. மூடி பீரோவில் வைத்துவிடுவேன். வருஷம் இப்படியே போய்விட்டது. இது ஐந்தாவது நோட்டு. நான் எட்டாம் வகுப்பு வரை படித்தவள். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எழுத்தில் இருக்கிற தப்பைத்தான் சொல்கிறேன்.

முதலமடையில் எங்களுக்கு மாந்தோப்பு. வீட்டுக்கு வடக்கே தனியாக ஓர் அறை உண்டு, மாங்காய் சீசனில் லாரிக்காரர்கள் தங்குவதற்கு. அதை வாடகைக்குக் கேட்டுத்தான் அந்தப் பெண் வந்தாள். அவள் பெயரை இங்கே எழுத மாட்டேன். அவளைக் கேட்காமல் அவளுடையதில் ஒருமுறை கை வைத்தது போதும்.

பீர்மேட்டுப் பக்கம் தேயிலை எஸ்டேட்டில், வேலைக்காரர்களுக்கு வரிசையாகக் கட்டிக் கொடுத்த லயத்து வீட்டில் பிறந்தவள். அப்பாவும் அம்மாவும் தோட்ட வேலை. வேதக்காரக் குடும்பம், கிறிஸ்தவர்கள். கோயமுத்தூரில் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். அந்தக் குடும்பத்தில் பத்தாவது தாண்டியதே அவள்தான்.

என் வீட்டுக்காரர் கேட்டார்: "ஏனம்மணி, இத்தனை ஊரு இருக்க, இந்தக் காய்ஞ்ச ஊருக்கு எதுக்கு வந்தே?"

"இங்க வெயிலும் இருக்கு, தென்னங்கள்ளும் இருக்கு அண்ணாச்சி. எனக்கு ரெண்டும் வேணும்."

"இதையே ஆம்பளப் பசங்க சொல்லீருந்தா ரூமே குடுத்திருக்க மாட்டேன்" என்று சொல்லிச் சாவியைக் கொடுத்தார்.

ஆப்ப மாவில் கள்ளை ஊற்றினால் பொங்குகிறதே, அதற்குக் காரணமான ஈஸ்ட் என்ற உயிரைப் பற்றித்தான் அவள் படிப்பு. என் அம்மா காலத்திலிருந்து மாவைப் பொங்க வைத்திருக்கிறோம், உள்ளே உயிர் இருப்பது எனக்குத் தெரியாது. அவள் சொல்லித்தான் தெரியும். ஒருநாள் நான் அடுப்படியில் இருந்தபோது இப்படிச் சொன்னாள்.

"அக்கா, உங்க வீட்டுக்கு ஆள் வந்தா என்ன செய்வீங்க?"

"வாசல்ல இருக்கறவங்க உள்ள சொல்லுவாங்க. நான் அடுப்பு மூட்டுவேன்."

"தீவாளிக்கு மாப்பிள்ளை வந்தா?"

"பலகாரச் சட்டி வெப்பேன்."

"எழவு சொல்ல வந்தா?"

"அடுப்பை அணைப்பேன்."

"அம்புட்டுத்தான்க்கா. இந்த ஈஸ்ட்டும் ஒரு வீடு. வெளிய சூடு வந்தா, உப்பு வந்தா, வாசல்ல இருக்கவன் பக்கத்துல உள்ளவனுக்குச் சொல்லுவான், அவன் இன்னொருத்தனுக்கு. கடைசில உள்ள எந்த அடுப்பு எரியணுமோ அது எரியும். அந்த அடுப்புக்குத்தான் ஜீனுன்னு பேரு. எத்தனாவது நிமிசத்துல எந்த அடுப்பு எரியுதுன்னு பாத்து, யாரு யாருக்குச் சேதி சொன்னாங்கன்னு கண்டுபிடிக்கணும். அதான் என் வேலை."

கள்ளிலிருந்து ஆயிரக்கணக்கில் பிரித்துப் பார்த்து ஒரு வகையைக் கண்டுபிடித்திருந்தாள். அந்த வகையில் நடுவில் சேதி சொல்கிற ஒரு ஆள் பிறவியிலேயே கிடையாதாம். அவன் இல்லாத வீட்டில் சூடு பட்டால் அடுப்பு எரியுமா, எரியாதா? இதுதான் அவள் கேள்வி. குடுவையில் வளர்த்து, எங்கள் ஊர் மத்தியான வெயில் அளவுக்குச் சூடு காட்டி, நிமிஷக் கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து மருந்தில் போட்டுவிடுவாள். மருந்தில் போட்டால் எரிகிற அடுப்பு எரிந்தபடியே நின்றுவிடுமாம். அதை ஐஸ் பெட்டியில் வைத்து, பொள்ளாச்சி போய் பஸ் மாறி, கோயமுத்தூர் ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோய்ப் பார்ப்பாள்.

காலையில் அவள் தூக்கு எடுத்துக்கொண்டு கள்ளு இறக்குகிறவரிடம் போய் வந்ததைப் பார்த்து என் நங்கையா, வீட்டுக்காரரின் அக்கா, என்னிடம் வந்து, "குடிக்கிற புள்ளைக்கு ரூம் உட்டிருக்கியாமா? கோயில் கும்பிடற ஊடு இது" என்றார். அவள் அதைக் கேட்டுக்கொண்டே வந்தாள். "குடிக்கிறது நானில்லைங்க பெரியம்மா, என் பிள்ளைங்க. அறைக்குள்ள வந்து பாருங்க, எல்லாம் மப்புலதான் கிடக்கு" என்றாள். நங்கையாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அவளிடம் ஒரு குணம். தான் பார்க்காததைச் சொல்ல மாட்டாள். பார்த்ததையும் ஒரு தடவை பார்த்துச் சொல்ல மாட்டாள்.

குழம்பில் உப்புச் சரியா என்று கரண்டியில் கொடுத்தால் ஒரு வாய் குடிப்பாள், தண்ணீர் குடிப்பாள், மறுபடி ஒரு வாய். மூன்றாவது வாய்க்குப் பிறகுதான் "கொஞ்சம் கம்மிக்கா" என்பாள். "நீ சொல்லறதுக்குள்ள குழம்பே தீந்துரும்" என்பார் என் வீட்டுக்காரர். "ஒரு தடவ வந்தா அது வந்ததுன்னு அர்த்தமில்ல அண்ணாச்சி. மூணு தடவ, மூணு வேற வேற நாள்ல வரணும்." இதைச் சொல்லும்போது மட்டும் அவள் சிரிக்க மாட்டாள்.

இந்தக் குணத்தின் மேல் எனக்குக் கோபமும் வந்திருக்கிறது. என் மகள் அப்போது மாசமாக இருந்து எங்கள் வீட்டில்தான் இருந்தாள். முன்னால் ஒன்று தங்காமல் போயிருந்தது. எனக்குத் தூக்கம் இல்லை. விளக்கு வைத்துவிட்டு வெளியே வந்தபோது வடக்கு அறை வாசலில் அவள் நின்றிருந்தாள். படித்த பெண், நல்ல மனசு, அவள் வாயால் ஒரு சொல் வரட்டும் என்று கேட்டேன்.

"நல்லபடியாப் பொறக்கும்னு ஒரு வார்த்தை சொல்லு அம்மணி."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "தினமும் ஜெபத்துல கேக்குறேன்க்கா. ஆனா பிறக்கும்னு எனக்குத் தெரியாதுல்ல. தெரியாதத எப்பிடி உங்ககிட்டச் சொல்லுவேன்?"

இரண்டு நாள் நான் அவளோடு பேசவில்லை. ஒரு சொல் சொன்னால் வாய் தேய்ந்துவிடுமா என்று நினைத்தேன். மூன்றாம் நாள் அவளே வந்து என் மகளின் காலுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டாள்.

மாமரமெல்லாம் பூவெடுத்திருந்த நேரம். அவள் கிறிஸ்துமஸுக்கு நான்கு நாள் ஊருக்குப் போனாள். மூன்று குடுவையில் அந்த ஆள் இல்லாத வகையை மெதுவாக வளர விட்டு, பெட்டிக்குள் வைத்து, அறைச் சாவியை என்னிடம் கொடுத்தாள். "அவசரம்னா மட்டும் திறங்கக்கா. குடுவையத் தொட வேணாம். உசிரு வளருது."

அந்த நான்கு நாளுக்குள் காலையில் சூரிய கிரகணம் வந்தது. எங்கள் வீட்டில் கிரகணத்துக்குச் சமைத்ததை வைக்க மாட்டோம். வைக்க வேண்டியதில் தர்ப்பைப் புல் போடுவோம். பூசாரி முதல் நாளே கொடுத்திருந்தார். குடத்துத் தண்ணீரில் போட்டேன், தயிரில், நெய்யில், ஊறுகாய் ஜாடியில், அரைத்து வைத்த மாவில் போட்டேன். மகளை உள் அறையில் உட்கார வைத்துக் கதவைச் சாத்தினேன். கையில் புல் மிச்சம் இருந்தது. அப்போதுதான் வடக்கு அறை ஞாபகம் வந்தது. உசிரு வளருது என்றாளே. எல்லாவற்றுக்கும் காப்பு போட்டுவிட்டு அந்தப் பெண் இல்லாத நேரத்தில் அவள் உயிர்களை மட்டும் விட்டுவிடுவதா?

சாமி சத்தியமாக இந்த எண்ணத்தோடுதான் போனேன். கதவைத் திறந்து, குடுவையின் வாயை அடைத்திருந்த பஞ்சை எடுத்து, விரல்கடை நீளம் புல்லைக் கிள்ளி உள்ளே போட்டு, பஞ்சை மூடினேன். மூன்றிலும் போட்டேன். கிரகணம் விட்டதும் தலைக்குக் குளித்து வந்து, வழக்கப்படி எல்லாவற்றிலும் இருந்த புல்லை எடுத்தபோது அவற்றிலும் எடுத்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. சொல்வதற்கு இதில் என்ன இருக்கிறது என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

அவள் திரும்பி வந்தாள். குடுவைகளுக்குச் சூடு காட்டினாள், எடுத்தாள், கோயமுத்தூர் போனாள். பத்து நாள் கழித்து பஸ் ஸ்டாப்பிலிருந்து ஓடி வந்தாள். அவள் ஓடி நான் பார்த்தது அன்றைக்கு ஒருநாள்தான்.

"அக்கா, அடுப்பு எரியுதுக்கா! அந்த ஆள் இல்லாமலே சேதி போயிருக்கு. வேற ஒரு வழி இருக்கு போல. யாருக்கும் தெரியாத வழி!"

"அப்ப இனிப்பு எங்க?" என்றேன்.

உடனே நிதானத்துக்கு வந்துவிட்டாள். "இன்னும் ரெண்டு தடவ வரட்டும்க்கா."

அடுத்த தடவை வரவில்லை. அதற்கடுத்த தடவையும் வரவில்லை. அவளுக்கு மேலே இருந்த சார் தினமும் போன் செய்வார். அவள் போனை மேஜையில் வைத்துப் பேசியபடியே வேலை செய்வாள். நான் வாசலில் மிளகாய் காய வைத்துக்கொண்டிருந்தபோது கேட்டது.

"மூணு குடுவையிலயும் வந்திருக்கேம்மா, அப்புறம் என்ன? எழுதி அனுப்பு. நான் கூட்டத்துல சொல்லீட்டேன்."

"மூணும் ஒரே பெட்டில, ஒரே நாள் வளர்ந்தது சார். அது ஒரு தடவதான்."

"வெளிநாட்டுல உனக்கு இடம் கேட்டிருக்கேன். நினைச்சுப் பாத்துக்க."

"பாத்துட்டேன் சார். வராம எழுத மாட்டேன்."

மாங்காய் பிடித்து, பறிப்புத் தொடங்கும் வரைக்கும் தேடினாள். தண்ணீரை மாற்றினாள், சூட்டை மாற்றினாள். உடம்பு பாதியாகிவிட்டது. ஆராய்ச்சிக்கு மாதாமாதம் வந்த உதவிப் பணம் முடிகிற தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. கடைசியில் மருந்தில் போட்டு மிச்சம் வைத்திருந்த பழைய குடுவைச் சரக்கை எடுத்து, எந்த அடுப்பும் பார்க்காமல், இல்லாத அந்த ஆளையே தேடிப் பார்த்திருக்கிறாள். அவன் இருந்தான்.

அன்று மத்தியானம் நான் சமையலறை வாசலில் ஊறுகாய்க்கு மாங்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரர் கட்டிலில் படுத்திருந்தார். ஆராய்ச்சி நோட்டோடு வந்து என் எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கட்டுமா? கிறிஸ்துமஸ் குடுவையில வெளியிலருந்து வேற ஈஸ்ட்டு ஒண்ணு உள்ள வந்திருக்கு. புல்லு, இலை இதுலயெல்லாம் இருக்குமே, அந்த மாதிரி. அது உள்ள வந்ததாலதான் அடுப்பு எரிஞ்சிருக்கு. நான் ஊருக்குப் போயிருந்தப்போ அறைக்குள்ள யாராச்சும் போனாங்களா?"

புல்லு என்று அவள் வாயில் வந்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. அரிவாள்மணையில் கை நின்றுவிட்டது. அவள் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்று, குடுவையைத் தொடாதே என்று. வீட்டுக்காரர் காதில் விழுகிற தூரம். வேதக்காரப் பெண்ணின் பொருளில் எங்கள் சாமி காரியத்தைச் செய்திருக்கிறேன், என்ன நினைப்பாள்? மூட நம்பிக்கை பிடித்தவள் என்று அந்தச் சாரிடம் சொல்வாளோ? இத்தனையும் ஒரு மூச்சு நேரத்தில் வந்தது.

"இல்ல கண்ணு. ஆரும் போகலையே" என்றேன்.

அவள் தலையாட்டினாள். "கேட்டதுக்குக் கோவிச்சுக்காதீங்கக்கா. கேக்காம எழுதக் கூடாதுல்ல."

அங்கேயே உட்கார்ந்து நோட்டில் எழுதினாள். இங்கிலீசில் எழுதியதை எனக்காகத் தமிழில் படித்தாள். அறைக்குள் வேறு யாரும் செல்லவில்லை, வீட்டுக்கார அம்மாள் உறுதி சொன்னார், ஆகவே இது என் கைத்தவறு. கீழே கையெழுத்துப் போட்டாள்.

உப்பை மூன்று தடவை குடித்துப் பார்க்கிறவள். என் சொல்லை மட்டும் ஒரே தடவை கேட்டு எழுதிக்கொண்டாள்.

அந்த வரி பொய் என்று எனக்கு மட்டும்தான் தெரியும். ஆனால் அதற்குப் பிறகு அவளுக்கு நடந்ததை நான் கண்ணால் பார்த்தேன், அதுதான் பெரிது. கூட்டத்தில் சொல்லிவிட்டு வாபஸ் வாங்க வேண்டி வந்ததில் சாருக்கு அவமானம். கை சுத்தமில்லாத பெண் என்று எல்லார் முன்னும் சொன்னாராம். நோட்டில் அவள் கையாலேயே அப்படித்தானே எழுதியிருந்தாள். அதன் பிறகு குழாயடியில் நின்று சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொண்டே இருப்பாள். விரல் நுனியெல்லாம் தோல் உரிந்தது. "போதும் வா அம்மணி" என்றால், "எந்த இடத்துல தப்பு விட்டேன்னே தெரியலைக்கா. தெரிஞ்சா அந்த இடத்துல கவனமா இருக்கலாம். தெரியலைன்னா எல்லா இடத்துலயும் பயமா இருக்கு" என்பாள்.

நான் தேங்காய் எண்ணெய் எடுத்துக் கொடுத்தேன். சொல்லவில்லை. எண்ணெயைக் கொடுத்தேன்.

அந்த மாதத்திலேயே என் மகளுக்குப் பிரசவம் ஆயிற்று. தாயும் பிள்ளையும் நலம். அந்தப் பெண் ஆஸ்பத்திரிக்கு வந்து வாசலிலேயே நின்றாள். குழந்தையை வாங்கிக்கொள் என்று நீட்டினேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "வேணாம்க்கா, பாத்துக்கறேன்" என்றாள். அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

உதவிப் பணத்தை நீட்டிக் கேட்டதற்கு இல்லை என்று வந்துவிட்டது. பட்டம் வாங்காமலே அறையைக் காலி செய்தாள். போகிற அன்று அறையைக் கூட்டித் துடைத்துவிட்டுச் சாவியைக் கொடுத்தாள். "என்னை நல்லாப் பாத்துக்கிட்டீங்கக்கா" என்றாள். அவள் பார்த்ததைத்தான் சொல்லியிருப்பாள். பஸ் வரும் வரை பக்கத்தில் நின்றேன். வாயைத் திறந்தேன். "பையில பழம் வெச்சிருக்கேன், நசுங்காமப் பாத்துக்க" என்றுதான் வந்தது.

பழனிக்குப் போய் முருகன் முன்னால் நின்று சொன்னேன். முடி கொடுத்தேன். மற்றதற்கெல்லாம் அங்கே போய்ச் சொன்னால் மனம் இறங்கும். இது இறங்கவில்லை. அவன் கேட்டுக்கொண்டான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த நோட்டில் வரி அப்படியேதானே இருக்கிறது?

பிறகு வீட்டுக்காரரிடம் சொன்னேன். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. "அன்னைக்கு நான் கட்டல்லதானே படுத்திருந்தேன்" என்றார். அப்புறம், "கிளம்பு" என்றார்.

இரண்டு பேரும் கோயமுத்தூர் போய் அந்தச் சாரைப் பார்த்தோம். நடந்ததை நின்றுகொண்டே சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அது முடிஞ்சுபோன விஷயங்கம்மா. இப்ப எதுக்கு?"

"அந்த நோட்டுல நான் சொன்னதை எழுதிக்குங்க சார். கைநாட்டுன்னாலும் வெக்கறேன்."

"முடிச்சு வெச்ச நோட்டுல இனி யாரும் எழுத முடியாதும்மா. அந்தப் பொண்ணு எங்க இருக்குன்னும் எங்களுக்குத் தெரியாது."

அவளுடைய பழைய நம்பர் இப்போது வேறு யாரிடமோ இருக்கிறது. பீர்மேட்டுக்கும் போனோம். லயத்தில் வேறு குடும்பம் இருந்தது. "அவுக அப்பா ரிட்டயராயிட்டாருல்லா, லயத்தக் காலி பண்ணிக் குடுக்கணும். போடிப் பக்கம்னாக, கம்பம்னும் சொன்னாக" என்றார் வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மா. "அந்தப் பிள்ளை என்ன செய்யுது?" என்று கேட்டேன். "வேலைக்கிப் போகுதுன்னு கேள்வி. என்ன வேலைன்னு தெரியாது" என்றார்.

அதனால்தான் இந்த நோட்டு.

படிக்கிறவர்கள் இதை இன்னொருவரிடம் சொல்லுங்கள். கோயமுத்தூரிலோ கம்பத்திலோ பீர்மேட்டிலோ யார் காதில் விழுந்து யாரிடம் போய்ச் சேரும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் சொல்லும்போது எதையும் கூட்ட வேண்டாம், குறைக்க வேண்டாம். தர்ப்பையைத் திட்டிச் சொல்லாதீர்கள். இன்றைக்கும் கிரகணத்துக்கு நான் அதைப் போடுகிறேன். புல் பொய் சொல்லவில்லை, நான்தான் சொன்னேன். ஒன்றும் அறியாதவள், பாவம் என்று எனக்காகவும் சொல்லாதீர்கள். மத்தியானம் மாங்காய் நறுக்கும்போது எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது. மூன்று குடுவையிலும் புல்லைப் போட்டது நான், அந்தப் பெண்ணின் கை சுத்தமாகத்தான் இருந்தது. இதைத் தெளிவாகச் சொல்லுங்கள். முடிவில் அவள் என்னை மன்னித்துவிட்டாள் என்று யாராவது நல்ல மனசோடு சேர்த்துச் சொல்லலாம். தயவுசெய்து சேர்க்காதீர்கள். அது நடக்கவில்லை.